36 நிமிடம், 10 பாடல்கள்: ஜோனி மிட்செலின் ‘ப்ளூ’ ஏன் இன்னும் பழசாகவில்லை?

நீலப்பேழை எழுதியது:

பாடகியும் பாடலாசிரியருமான ஜோனி மிட்செலின் ‘ப்ளூ’ ஆல்பம் 1971 ஜூன் 22 அன்று வெளிவந்தது. 10 பாடல்கள், மொத்தம் ஏறத்தாழ 36 நிமிடம். நான் அதை முதலில் கேட்டது கல்லூரி விடுதியில், அறைத்தோழன் எங்கிருந்தோ பதிவு செய்து கொண்டுவந்த, இருபுறமும் தேய்ந்துபோன ஒரு கேசட்டில். பாடல்களின் ஆங்கிலம் எனக்கு அப்போது பாதிதான் பிடிபட்டது. பாடியவர் கனடாக்காரர் என்பதோ, யாரை நினைத்துப் பாடினார் என்பதோ எதுவும் தெரியாது. ஆனாலும் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தபடி கேட்டபோது, பக்கத்து அறையில் ஒருவர் இன்னொருவரிடம் தனிமையில் சொல்லிக்கொண்டிருப்பதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டுவிட்டதைப் போன்ற கூச்சம் வந்தது. எத்தனையோ முறை கேட்ட பிறகும் அந்தக் கூச்சம் போகவில்லை என்பதால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இந்த ஆல்பத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘ஒப்புதல் வாக்குமூலம்’, ‘திறந்து வைத்த நாட்குறிப்பு’ என்ற இரண்டு உவமைகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தரங்கத்தை ஒளிக்காமல் சொன்னதால்தான் ஆல்பம் நிலைத்தது என்பது அவர்கள் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தரங்கத்தைச் சொன்ன ஆல்பங்கள் 1971க்குப் பிறகு ஆயிரக்கணக்கில் வந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றை இரண்டாம் முறை கேட்க முடிவதில்லை. ஒருவருடைய இரகசியம் ஒரு முறைதான் இரகசியம், மறுமுறை அது செய்தியாகிவிடும்.

நான் முன்வைக்கும் சான்று இசைத்தட்டின் முதற்பக்கத்தில் மூன்றாவது பாடலான ‘லிட்டில் கிரீன்’. 1965 பிப்ரவரியில், கையில் காசில்லாத இளம் பாடகியாக இருந்தபோது, மிட்செலுக்கு டொராண்டோவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. வளர்க்க வழியில்லாமல் அதைத் தத்துக் கொடுத்தார். பாடல் அந்தக் குழந்தைக்கானது. ஆனால் ஆல்பம் வந்தபோது இது கேட்பவர்கள் யாருக்கும் தெரியாது. அமெரிக்க இசை இதழான ‘ரோலிங் ஸ்டோன்’இல் 1971இல் மதிப்புரை எழுதியவர், இந்தப் பாடலின் வரிகள் யாருக்கும் விளங்காத அளவுக்குப் பூடகமாக இருப்பதாகக் குறைப்பட்டுக்கொண்டார். செய்தி வெளியானது 1993இல். தாயும் மகளும் சந்தித்தது 1997இல். அப்படியானால் 22 ஆண்டுகள் மக்கள் எதைக் கேட்டு நெஞ்சு கனத்துப் போனார்கள்? வாக்குமூலம் என்றால் கேட்பவருக்கு விஷயம் தெரிந்தாக வேண்டும். இங்கே விஷயம் தெரியாமலே பாடல் வேலை செய்திருக்கிறது. அது எதனால் என்பதுதான் என் கேள்வி.

எதிர்க்கேள்வி எழுதியது:

நண்பர் நீலப்பேழை அவர்களின் சான்று அழகானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 10 பாடல்களில் ஒன்றை மட்டும் வைத்து வழக்கை நடத்துகிறார். மற்ற ஒன்பதின் நிலைமை என்ன? ‘மை ஓல்ட் மேன்’ அவருடைய காதலராக இருந்த பாடகர் கிரகாம் நாஷோடு வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றியது என்று வெளியானபோதே எல்லோருக்கும் தெரியும். அவர்கள் சேர்ந்து வாழ்ந்த வீட்டைப் பற்றி நாஷ் எழுதிய பாட்டும் ஒரு வருடம் முன்னரே வெளிவந்து பிரபலமாகியிருந்தது. கிரேக்கத்தின் கிரீட் தீவிலிருந்து மிட்செல் அனுப்பிய பிரிவுத் தந்தியை, மணலை இறுக்கிப் பிடித்தால் விரலிடுக்கில் வழிந்துவிடும் என்ற அந்தத் தந்தியை, மிட்செலின் வீட்டுச் சமையலறைத் தரையைப் போட்டுக்கொண்டிருந்தபோது பெற்ற கதையை நாஷே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இன்னும் சில பாடல்கள் நாஷுக்குப் பின் காதலராக இருந்த பாடகர் ஜேம்ஸ் டெய்லரைப் பற்றியவை என்கிறார்கள். அதே டெய்லர் அதே ஆல்பத்தில் மூன்று பாடல்களுக்குக் கிடாரும் வாசித்திருக்கிறார். இதைவிட ஊர்வம்புக்கு என்ன வேண்டும்? இந்த ஆல்பத்தைக் கேட்கிறவர்களில் பாதிப்பேர், எந்தப் பாட்டு எவருக்கு என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் கேட்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். எக்காலத்திலும் சிறந்த ஆல்பங்கள் என்ற ‘ரோலிங் ஸ்டோன்’ பட்டியலில் 2003இல் 30ஆம் இடத்தில் இருந்த ஆல்பம் 2020இல் 3ஆம் இடத்துக்கு ஏறியது. 2017இல் அமெரிக்கப் பொது வானொலி வெளியிட்ட, பெண்கள் உருவாக்கிய ஆல்பங்களின் பட்டியலில் இதற்கு முதலிடம். பட்டியலைப் பார்த்துவிட்டுக் கேட்கத் தொடங்குகிறவர் ஏற்கெனவே தலைவணங்கிக்கொண்டே உட்காருகிறார். நிலைத்த ஈர்ப்பு என்று நாம் சொல்வதில் எவ்வளவு ஈர்ப்பு, எவ்வளவு பள்ளிப்பாடம் என்று பிரித்தறிய வேண்டாமா?

தந்திவாத்தியம் எழுதியது:

எதிர்க்கேள்வி அவர்களே, பட்டியலுக்கும் டெய்லருக்கும் நடுவே கிடார் என்று ஒரு சொல்லை உதிர்த்துவிட்டுப் போய்விட்டீர்கள். நான் பத்தாண்டுகளுக்கு மேலாகக் கிடார் கற்றுத்தருகிறவன். என்னைப் பொறுத்தவரை விடை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

மிட்செலுக்கு ஒன்பது வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. அதன் பின்விளைவாக இடது கை சற்றுப் பலவீனமாகவே இருந்தது. வழக்கமான சுருதி சேர்ப்பில் கடினமான கார்டுகளை (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) பிடிக்க அந்தக் கைக்குச் சிரமம் என்பதால், தந்திகளையே வேறுவிதமாகச் சுருதி சேர்த்துக்கொண்டு, எளிய விரலமைப்பில் சிக்கலான ஒலிகளை எழுப்பப் பழகினார். வாழ்நாளில் அவர் பயன்படுத்திய சுருதிச் சேர்க்கைகள் 50க்கும் மேல். இதனால் நேர்ந்தது என்னவென்றால், வழக்கமான கிடாரில் விரல்கள் தாமாகப் போய் உட்காருகிற இடங்கள், ஆயிரம் பாட்டில் கேட்டுப் பழகிய திருப்பங்கள், அவர் பாட்டில் இல்லை. என் மாணவர்கள் இந்தப் பாடல்களை வழக்கமான சுருதியில் வாசிக்க முயலும்போது சுரங்கள் எல்லாம் சரியாக இருக்கும், பாட்டு மட்டும் இருக்காது.

கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொல்லலாம். ஒரு கார்டு மேஜரா மைனரா என்பதை, அதாவது தெளிவா துயரமா என்பதை, அதிலுள்ள காந்தாரம்தான் (‘ச ரி க ம’வில் வரும் ‘க’) முடிவு செய்கிறது. அந்தக் காந்தாரத்தை எடுத்துவிட்டு அதன் இடத்தில் ரிஷபத்தையோ மத்திமத்தையோ வைத்தால் கார்டு எந்தப் பக்கமும் சாயாமல் அந்தரத்தில் நிற்கும். பொதுவாக இசையமைப்பாளர்கள் அப்படி ஒரு நொடி நிறுத்திவிட்டு உடனே தரையிறக்கிவிடுவார்கள். மிட்செல் அங்கேயே குடியிருப்பார். அவற்றை அவரே ‘கேள்வி கேட்கும் கார்டுகள்’ என்று குறிப்பிட்டிருக்கிறார். தன் வாழ்க்கையில் பதில் கிடைக்காத கேள்விகள் இருந்ததால் பதில் கிடைக்காத கார்டுகளைத் தேடியதாக அவர் சொல்வதை நான் அப்படியே நம்புகிறேன்.

அடுத்து டல்சிமர். அப்பலாச்சிய மலைப்பகுதியின் வாத்தியம். மடியில் கிடத்தி, இறகுத் தண்டால் மென்மையாக மீட்டுவது மரபு. 1969இல் பிக் சர் நாட்டுப்புற இசை விழாவில் அதை வாங்கினார். 1970இல் ஐரோப்பாவுக்குப் போனபோது கிடாரைச் சுமக்கச் சிரமப்பட்டு இதைக் கொண்டுபோனார். பிறர் அதை வாசித்து அவர் பார்த்ததே இல்லையாம், அதனால் மடியில் வைத்துத் தட்டும் போங்கோ மேளத்தைப் போலக் கையால் அறைந்து வாசித்தார். ‘ஆல் ஐ வான்ட்’ தொடங்கும்போது கேட்கும் அந்தப் படபடப்பு அந்த அறைதல்தான். தனிமையான சாலையில் பயணம் போகிறேன் என்று குரல் சொல்வதற்கு முன்பே வாத்தியம் பயணத்தில் இருக்கிறது. ‘கேரி’, ‘கலிஃபோர்னியா’, ‘எ கேஸ் ஆஃப் யூ’ ஆகியவற்றிலும் இதே வாத்தியம். இவற்றைக் கேட்கும்போது நாஷ் யார், டெய்லர் யார் என்று எவருக்காவது தெரிந்திருக்க வேண்டுமா?

எதிர்க்கேள்வி எழுதியது:

காந்தார விளக்கத்துக்கு நன்றி. பல நாள் புரியாமல் இருந்த ஒன்று புரிந்தது. ஆனாலும் என் ஐயம் தீரவில்லை. வினோதமான சுருதிச் சேர்க்கைகள் அவருடைய முதல் மூன்று ஆல்பங்களிலும் இருக்கின்றன, பின்னால் வந்தவற்றில் இன்னும் அதிகமாகவே இருக்கின்றன. எல்லோரும் திரும்பத் திரும்ப இந்த நான்காவது ஆல்பத்துக்கே வருவது ஏன்? கார்டுகள்தான் காரணமென்றால் பின்னால் வந்த ‘ஹெஜிரா’ ஆல்பம் அல்லவா 3ஆம் இடத்தில் இருந்திருக்க வேண்டும்?

நீலப்பேழை எழுதியது:

நியாயமான கேள்வி. நான் ‘ஹெஜிரா’ கட்சிதான் என்பது வேறு விஷயம்.

என் பதில் இதுதான். இந்த ஆல்பத்தில் வாத்தியங்கள் மிகக் குறைவு. ஐந்து பாடல்களில் மிட்செலின் குரலும் அவரே வாசிக்கும் ஒரு பியானோ அல்லது கிடாரும் தவிர வேறொன்றும் கிடையாது. மற்றவற்றில் வந்து வாசித்தவர்களும் ஓரமாக உட்கார்ந்து வாசித்துவிட்டுப் போகிறார்கள்: ஸ்டீபன் ஸ்டில்ஸ், ஜேம்ஸ் டெய்லர், டிரம்ஸில் ரஸ் குங்கெல், பெடல் ஸ்டீல் கிடாரில் ஸ்னீக்கி பீட் கிளைனோ, அவ்வளவுதான். தயாரிப்பாளர் மிட்செலே, ஒலிப்பதிவாளர் ஹென்றி லூயி. ஹாலிவுட்டின் ஏ அண்ட் எம் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு நடந்தபோது, யாராவது தன்னை ஏறிட்டுப் பார்த்தாலே அழுகை வந்துவிடும் நிலையில் இருந்ததால் கதவுகளைப் பூட்டிக்கொண்டுதான் வேலை செய்ய முடிந்தது என்று அவர் பிற்பாடு சொன்னார். சிகரெட் பெட்டியின் மேல் சுற்றியிருக்கும் கண்ணாடித் தாளைப் போல, எதையும் மறைக்க முடியாதவராகத் தாம் அப்போது இருந்ததாக 1979 பேட்டியில் சொன்னதும் எல்லோரும் எடுத்தாளும் கூற்று.

ஆனால் இதே கட்டடத்தின் இன்னொரு கூடத்தில், அதே குளிர்காலத்தில், பாடகி கரோல் கிங் தம் ‘டேபஸ்ட்ரி’ ஆல்பத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார், டெய்லர் இரண்டிலும் வாசித்தார். அந்த ஆல்பம் அமெரிக்காவில் 15 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. ‘ப்ளூ’ எட்டிய உயர்ந்த இடமே 15. இரண்டும் அந்தரங்கமான ஆல்பங்கள்தாம். ‘டேபஸ்ட்ரி’ நம் தோளில் கை போட்டுக்கொண்டு பேசுகிறது, நமக்கு ஆறுதல் சொல்கிறது, அதனால் எனக்கு மிகவும் பிடிக்கும். ‘ப்ளூ’ நம்மிடம் பேசுவதே இல்லை. அது எப்போதும் அறையிலிருக்கும் இன்னொருவரிடம் பேசுகிறது. அந்த இன்னொருவரின் நாற்காலி காலியாக இருக்கிறது. கேட்கிறவர் தம்மையறியாமல் அதில் போய் உட்கார்ந்துவிடுகிறார். நான் விடுதியில் உணர்ந்த கூச்சம் இந்த நாற்காலிக் கூச்சம்தான் என்று இப்போது தோன்றுகிறது.

வைகறை எழுதியது:

இத்தனை நேரம் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். ‘லிட்டில் கிரீன்’ பற்றி ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீலப்பேழை ஐயா, விஷயம் யாருக்கும் தெரியாது என்றீர்கள். பாடலை மறுபடி கேளுங்கள். குழந்தையே பெரியவளாக நடிக்கும் நிலை, வீட்டுக்குச் சொல்லும் பொய்கள், குடும்பப் பெயரில் தாள்களில் இடும் கையெழுத்து, வருத்தம் உண்டு ஆனால் வெட்கமில்லை என்ற நினைப்பு, குழந்தைக்கு ஒரு நல்ல முடிவு கிடைக்கட்டும் என்ற வாழ்த்து, எல்லாம் அதில் வெளிப்படையாக இருக்கின்றன. அவர் மறைக்கவில்லை. கேட்டவர்கள்தாம் கேட்கவில்லை. அந்த மதிப்புரையாளருக்குப் பூடகமாகப்பட்டது எனக்கு, என் முதல் பிரசவத்துக்குப் பிந்தைய நாட்களில் கேட்டபோது, ஒரு வரிகூடப் பூடகமாக இல்லை. பின்னணி எனக்கும் அப்போது தெரியாது. தாய் ஒருத்தி தன்னிடம் இல்லாத பிள்ளையோடு பேசுகிறாள் என்பது மட்டும் தெரிந்தது, அதற்குமேல் என்ன தெரிய வேண்டும்?

இந்த ‘ஒப்புதல்’ என்ற சொல்லையும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டும். அமெரிக்கக் கவிதையில் ராபர்ட் லோவெல் 1959இல் வெளியிட்ட தொகுப்பையொட்டி வந்த சொல் அது. அங்கேயே அது பாராட்டாகவும் வசையாகவும் இரண்டு விதமாகவும் பயன்பட்டது. மிட்செலுக்கு அது அறவே பிடிக்கவில்லை. குற்றம் செய்தவர்தான் ஒப்புக்கொள்வார். இவர் என்ன குற்றம் செய்தார்? 1971இல் அந்த ‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் அவருக்கு ஆண் இசைக்கலைஞர்களின் ‘ஓல்ட் லேடி’ (காதலி என்பதற்கான கொச்சைச் சொல்) என்று ஒரு கேலிப் பட்டம் கொடுத்தது. அடுத்த ஆண்டு அவருடைய காதலர்கள் என்று ஒரு வரைபடமே வெளியிட்டது. ஓர் ஆண் தன் காதலை எழுதினால் காதல் பாட்டு, ஒரு பெண் எழுதினால் வாக்குமூலம் என்கிற கணக்கு அதிலிருந்து வந்தது. எதிர்க்கேள்வி அவர்களே, எந்தப் பாட்டு எவருக்கு என்று கணக்குப் போடுகிறவர்களைக் குறித்துச் சொன்னீர்கள். அந்த வரைபடத்தை அவர்கள் இன்னும் கையில் வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பனையோலை எழுதியது:

குறுக்கே வருவதற்குப் பொறுத்தருள்க. அகத்திணைப் பாடல்களில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியம் விதித்ததன் காரணம் இங்கே பேசப்படுவதுதான் என்று எனக்குப் படுகிறது. பெயர் வந்துவிட்டால் பாட்டு அவருடையதாகிவிடும், பெயரில்லாதபோது கேட்பவருடையதாகும்.

எதிர்க்கேள்வி எழுதியது:

பனையோலை ஐயா, நல்ல ஒப்புமைதான், ஆனால் இந்த ஆல்பத்துக்குச் சரிவரப் பொருந்தாது. இதில் கேரி என்று பெயர் வருகிறது, ரிச்சர்ட் என்று பெயர் வருகிறது. கிரீட் தீவின் தென்கரையில் மட்டாலா என்ற ஊர், குகைகளில் ஹிப்பிகள் தங்கியிருந்த காலம், ஆப்பிரிக்காவிலிருந்து வீசும் காற்று, நகங்களில் அழுக்கு, காலில் கடற்கரைத் தார், வெளுத்த துணி விரிப்புக்கும் பிரெஞ்சு வாசனைத் திரவியத்துக்கும் ஏங்கும் மனம் என்று ‘கேரி’ பாடல் முழுக்கக் குறிப்பான விவரங்கள். ‘கலிஃபோர்னியா’வில், தனக்குச் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேமராவை விற்கக் கொண்டுபோனவனைப் பற்றி ஒரு வரி வருகிறதே, அதை வாழ்க்கையிலிருந்து எடுக்காமல் எழுத முடியுமா?

வைகறை அவர்களுக்கு: ‘லிட்டில் கிரீன்’ குறித்து நீங்கள் சொன்னது என்னைச் சற்று அசைத்துவிட்டது. எல்லாம் சொல்லப்பட்டிருந்தது, காது இல்லை என்பது நீலப்பேழை சொன்னதற்கு நேர் எதிரானது என்பதையும் கவனித்தேன். அவர் விஷயம் தெரியாமலே பாட்டு வேலை செய்தது என்கிறார். நீங்கள் விஷயம் பாட்டிலேயே இருந்தது என்கிறீர்கள்.

நீலப்பேழை எழுதியது:

என் வாதத்தைத் திருத்திக்கொள்கிறேன். வைகறை அவர்கள் சொன்னதே சரி. நான் செய்தியைப் பாட்டுக்கு வெளியே தேடிவிட்டேன். ‘கேரி’யைப் பொறுத்தவரையும், பெயர் தெரிந்து என்ன? கேரி என்ற அந்தச் செம்பட்டை முடிச் சமையல்காரர் நிஜத்தில் யார் என்று தேடிப்போனவர்களுக்கு விடை கிடைத்தது, ஆனால் காலில் ஒட்டிய தார் பாட்டில்தான் இருக்கிறது. பொதுவாகச் சொன்னால் எல்லோருக்கும் பொருந்தும் என்று நினைக்கிற பாடலாசிரியர்களே அதிகம். இவர் காலில் ஒட்டிய தார் வரைக்கும் போகிறார், அங்கேதான் என் கால் நினைவுக்கு வருகிறது.

மிட்செலே இதுபற்றிச் சொன்னதும் நினைவுக்கு வருகிறது. பாட்டைக் கேட்கும்போது பாடகியைப் பார்க்கிறவருக்கு அதிலிருந்து எதுவும் கிடைப்பதில்லை, தம்மைப் பார்க்கிறவருக்குத்தான் கிடைக்கிறது என்ற பொருளில் ஒரு பேட்டியில் பேசியிருந்தார்.

வடபனி எழுதியது:

நான் கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் வசிக்கிறேன். இங்கே டிசம்பர் பிறந்துவிட்டால் கடைகளில் ‘ரிவர்’ பாடல் கேட்கத் தொடங்கிவிடும், அதுவும் யாராவது ஒருவர் மறுபடி பாடிய பதிப்பாக. தனி இசைத்தட்டாக ஒருபோதும் வெளிவராத பாட்டு இப்படிக் கிறிஸ்துமஸ் பாட்டாகிவிட்டது எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும், ஏனென்றால் அது கிறிஸ்துமஸிலிருந்து தப்பியோட நினைக்கிறவளின் பாட்டு. மரம் வெட்டுகிறார்கள், மான் பொம்மைகளை நிறுத்துகிறார்கள், மகிழ்ச்சிப் பாட்டுப் பாடுகிறார்கள். அவளுக்கோ உறைந்த ஆறு ஒன்று வேண்டும், சறுக்கிக்கொண்டே போய்விட. கனடாவின் சஸ்கட்டூனில் வளர்ந்த மிட்செலுக்கு உறைந்த ஆறு கற்பனை அல்ல. கலிஃபோர்னியாவில் பனியே விழாது, எல்லாம் பச்சையாகவே இருக்கிறது என்பது அந்தப் பாட்டில் ஒரு புகாராகவே வருகிறது. ஊரைவிட்டு வந்த எனக்கு இந்தக் கணக்கு தலைகீழாகப் புரிந்தது. நான் பச்சையிலிருந்து பனிக்கு வந்தவன், ஆனால் ஏக்கம் அதே ஏக்கம்தான்.

பியானோ தொடக்கத்தில் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ மெட்டை வாசித்து, அதையே சற்று வளைத்து நிறம் மங்கச் செய்வதை இங்குள்ள எந்தக் கடைப் பதிப்பும் சரியாகச் செய்வதில்லை. அதைத் தந்திவாத்தியம் அவர்கள் விளக்கினால் நன்று.

தந்திவாத்தியம் எழுதியது:

வடபனி அண்ணா, எல்லோரும் அறிந்த மெட்டின் சுரங்களை அப்படியே வைத்துக்கொண்டு அடியிலுள்ள இசையமைப்பை மட்டும் மாற்றினால் மெட்டின் முகம் மாறிவிடும். ‘ரிவர்’ தொடக்கத்தில் நடப்பது அதுதான். மெட்டு பண்டிகையாகவே இருக்க, இடது கை துக்கம் அனுசரிக்கிறது. பாட்டின் முடிவிலும் அந்த மெட்டு திரும்ப வரும்போது அது பண்டிகைக்கு உரியதாகவே இருப்பதில்லை.

இதே மாதிரி இன்னும் ஓரிடம். ‘எ கேஸ் ஆஃப் யூ’வில் கனடாவின் பெயரை உச்சரிக்கும்போது தேசிய கீதத்தின் முதல் சொற்களையே, மெட்டோடு, இழுத்துப் பாடுகிறார். காதலன் வடமீனைப் போல நிலையானவன் என்று சொல்லிக்கொள்ள, இருட்டிலேயே நிலையாக இருக்கிறாயா என்று அவள் திருப்பிக் கேட்கிற பாட்டில், வட நாட்டின் கீதம் வந்து போகிறது. ‘திஸ் ஃபிளைட் டுநைட்’டில் பயணி காதில் ஹெட்போன் வைத்துக்கொள்ளும் இடத்தில் ஒலியே ஹெட்போனுக்குள் சுருங்கிப் போகும். அந்தப் பாட்டை 1973இல் நாசரெத் என்ற ஸ்காட்லாந்துக் குழு ஹார்டு ராக்காக மாற்றி வெற்றி பெற்றதை அறியாதவர்கள் ஒரு முறை கேட்டுப் பாருங்கள், விமானத்தைத் திருப்பு என்ற கெஞ்சல் அங்கே கட்டளையாகிவிடும். அந்தரங்கத்தை மட்டும் நம்பியிருப்பவர் இத்தனை வேலை செய்ய மாட்டார்.

பாடல் வரிசையையும் சொல்ல வேண்டும். ஆல்பம் கிட்டத்தட்ட முடிந்துவிட்ட நிலையில் முன்பே எழுதிய இரண்டு பாடல்களை எடுத்துவிட்டு, புதிதாக ‘ஆல் ஐ வான்ட்’டையும் ‘தி லாஸ்ட் டைம் ஐ சா ரிச்சர்ட்’டையும் பதிவு செய்து சேர்த்தார். முன்னது தொடக்கத்தில், பின்னது முடிவில். அதாவது நாம் இன்று கேட்கும் ஆல்பத்தின் வாசலும் கொல்லைக் கதவும் கடைசி நேரத்தில் வைக்கப்பட்டவை. மனம் உடைந்திருந்தவர், கதவைப் பூட்டிக்கொண்டு அழுதவர் என்றெல்லாம் சொல்கிறோம். அந்த நிலையிலும் கதவு எங்கே வைக்க வேண்டும் என்று பார்த்திருக்கிறார்.

எதிர்க்கேள்வி எழுதியது:

இங்கே நான் தோற்றுவிட்டதாக எல்லோரும் நினைக்கலாம், பாதிதான் தோற்றிருக்கிறேன். பட்டியல்களைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. ஆனால் ஊர்வம்புக்காகத்தான் கேட்கிறார்கள் என்றதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு காரணமும் சொல்கிறேன்.

நேற்றிரவு ‘எ கேஸ் ஆஃப் யூ’வை மூன்று விதமாகக் கேட்டேன். முதலாவது 1971 பதிவு. 27 வயது, உச்சத்தில் தத்தித் திரும்பும் மெல்லிய குரல். இரண்டாவது, 2000இல் ஆர்கெஸ்ட்ராவோடு வந்த ஆல்பத்தில் உள்ளது. பல ஆண்டுப் புகைப்பழக்கம் குரலை ஒரு மாடி கீழே இறக்கியிருந்தது. மூன்றாவது, 2022 ஜூலையில் நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில், 78 வயதில், அரியணை போன்ற ஒரு நாற்காலியில் அமர்ந்து, பாடகி பிராண்டி கார்லைலும் பிறரும் உடன் பாட, பாடியது. 2015இல் மூளை இரத்தக்குழாய் வீக்கம் வெடித்த பிறகு பேசவும் நடக்கவும் மறுபடி கற்றவர். கிடாரில் விரல் எங்கே வைப்பது என்பதைத் தம் பழைய ஒளிப்பதிவுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்.

ஒரு பெட்டி நிறைய உன்னைக் குடித்தாலும் தள்ளாடாமல் நிற்பேன் என்ற வரியை 27 வயதுப் பெண் சொல்லும்போது அது சவடாலா, பெருமையா, வேதனையா என்று முடிவு செய்ய முடியவில்லை. 2000இல் அது களைத்துப்போன ஒருத்தியின் உண்மை. நியூபோர்ட்டில் அந்த வரியின் முன்னிலை யார் என்ற கேள்வியே போய்விட்டது. நாஷா, டெய்லரா, வேறு யாராவதா என்று 50 ஆண்டுகளாகப் போட்ட கணக்கு அத்தனையும் அந்த மேடையில் பயனற்றுப் போனதைக் கண்ணாரக் கண்டேன். நீலப்பேழை சொன்ன காலி நாற்காலியில் அன்றைக்குப் பாடியவரே உட்கார்ந்திருந்தார்.

வைகறை எழுதியது:

அதைக் கேட்டபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. சுற்றி நின்ற இளையவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்க அவர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார் என்பதைக் கவனித்தீர்களா?

ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியிருக்கிறது, கடைசிப் பாட்டைப் பற்றி. காதலை நம்புகிறவர்கள் எல்லோரும் ஒருநாள் கசந்துபோய்க் குடித்துவிட்டு இருட்டுக் காபிக்கடையில் யாரையாவது சலிப்பூட்டிக்கொண்டிருப்பார்கள் என்று ரிச்சர்ட் சொல்கிறான். பிறகு அவனே கல்யாணம் செய்து, மனைவிக்குப் பாத்திரம் கழுவும் இயந்திரம் வாங்கிக் கொடுத்து, இரவுகளில் வீட்டு விளக்கையெல்லாம் எரியவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் குடிக்கிறான். அவளோ மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டு, இது வெறும் ஒரு கட்டம், இருண்ட கூடு, இதிலிருந்து சிறகு முளைத்துப் பறந்துவிடுவேன் என்கிறாள். அவள் அதை நம்புகிறாளா?

நீலப்பேழை எழுதியது:

நம்புகிறாள் என்று விடுதியில் நினைத்தேன். இப்போது நம்ப முயல்கிறாள் என்று நினைக்கிறேன்.

தந்திவாத்தியம் எழுதியது:

பாட்டுத் தொடங்குவதற்கு முன் பியானோ எவ்வளவு நேரம் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று கேளுங்கள். பேச வாயெடுத்துப் பேசாமல் இருப்பவரைப் போல. நடுவில், கடை மூடும் நேரமாகிவிட்டது என்று பரிமாறுகிற பெண் வந்து சொல்லும் இடத்தில் குரலை மாற்றி அவளைப் போலவே பேசிக் காட்டுகிறார். துக்கத்தில் மூழ்கிப் போனவருக்கு மிமிக்ரி வராது. என் பதில் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

எதிர்க்கேள்வி எழுதியது:

மறுபடி கேட்டுவிட்டு வருகிறேன். இந்தமுறை வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு.